டர்பனில் ஆடிப்பட்டம் தையில்தான் வரும்: செடி ஊரை அறியும் விதம்

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். தென்னாப்பிரிக்காவில், டர்பனின் சாட்ஸ்வொர்த் பகுதியில் வீடு. தஞ்சாவூரிலிருந்து வந்த பந்தல் அவரை விதையைச் செப்டம்பரில் ஊன்றியிருக்கிறீர்கள். கொடி கொட்டகைக் கூரையையே மூடிவிட்டது, தை பிறந்தும் ஒரு பூ இல்லை. வேலியோரம் தெருவிளக்கடியில் நிற்கும் இன்னொரு கொடி போன மே மாதத்தில்கூடப் பூக்கவில்லை. குளிர் வந்தால் முருங்கை மொட்டையாகிறது. ஜன்னலோரம் வைத்த நாற்று நூல் போல நீண்டு சாய்கிறது. கடைசியாக, "ஓரறிவு உயிர் என்று படித்தோமே, கண்ணும் காதும் இல்லாத செடிக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?" என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

விதையில் குறை இல்லை. மண்ணிலும் இருக்காது. ஊன்றிய மாதம்தான் தவறு.

பந்தல் அவரை இரவின் நீளத்தை அளந்து பூக்கும் செடி. இரவு ஓர் அளவுக்கு மேல் நீண்டால்தான் மொட்டு வைக்கும். தஞ்சாவூர் பூமத்திய ரேகைக்கு வடக்கே 11 பாகையில் இருக்கிறது. அங்கே ஆனி மாதப் பகல் ஏறக்குறைய 12 மணி 45 நிமிடம், மார்கழிப் பகல் 11 மணி 30 நிமிடம். வருடம் முழுவதற்கும் வித்தியாசம் ஒன்றேகால் மணி நேரம்தான். அந்தச் சின்ன வித்தியாசத்தைப் படித்துப் பழகிய விதை அது. டர்பனோ தெற்கே 30 பாகையில் இருக்கிறது. டிசம்பர் கடைசியில் பகல் 14 மணி நேரத்தைத் தாண்டுகிறது, ஜூனில் 10 மணி 15 நிமிடத்துக்கு இறங்குகிறது. நீங்கள் செப்டம்பரில் ஊன்றி, விதை முளைத்து நாலு இலை விடுவதற்குள் பகல் 12 மணி நேரத்தைக் கடந்துவிட்டது. அதற்குப் பிறகு நாளுக்கு நாள் இரவு சுருங்கியது. கொடியின் கணக்குப்படி இது பூக்கும் காலமே இல்லை. கிடைத்த வெயிலையும் மழையையும் வைத்துக்கொண்டு இலையும் தண்டுமாக ஓடியிருக்கிறது.

ஆடிப்பட்டம் தேடி விதை என்பது ஊரில் சரியான பேச்சு. ஆடியில் ஊன்றினால் அதன்பின் பகல் குறைந்துகொண்டே போகும், ஐப்பசி கார்த்திகையில் பூ வரும். டர்பனில் ஆடி என்பது நடுக்குளிர், மழையும் கிடையாது, அதற்குப் பின் பகல் நீளும். எல்லாமே தலைகீழ். ஆடியில் இருந்து ஆறு மாதம் தள்ளி எண்ணுங்கள், தை வரும். ஜனவரி நடுவிலிருந்து பிப்ரவரி நடுவுக்குள் ஊன்றினால் கோடை மழையில் கொடி ஏறும், மார்ச் 20 வாக்கில் பகலும் இரவும் சமமாகும், ஏப்ரல் இரண்டாம் வாரத்தில் தஞ்சாவூர் மார்கழியின் பகல் அளவு இங்கே வந்துவிடும். அப்போது மொட்டைப் பார்க்கலாம். மே, ஜூன், ஜூலை காய்ப்பு.

ஆகவே இருக்கும் கொடியைப் பிடுங்கிவிடாதீர்கள். இந்த மாதத்துக்குள் தரையிலிருந்து இரண்டடி விட்டு வெட்டுங்கள், இரண்டு மூன்று இலையாவது தண்டில் நிற்கட்டும். வேரைச் சுற்றி ஒரு கூடை மக்கிய தொழு உரம் போதும். கோழி எரு வேண்டாம். தழைச்சத்து கூடினால் ஏப்ரல் வந்தாலும் கொடி இலையிலேயே நிற்கும். புதிதாக ஊன்றுவதானால் நாலடிக்கு ஒரு குழி, குழிக்கு மூன்று விதை, ஓர் அங்குல ஆழம். முளைத்தபின் நல்லதாக இரண்டை நிறுத்துங்கள். மார்ச் கடைசியில் ஊன்றினால் என்ன ஆகும் என்றால், கொடி முழங்கால் உயரத்திலேயே பூத்துவிடும். பத்திருபது காயோடு முடிந்துவிடும். இரவு நீளம் வந்துவிட்டது, செடி காத்திருக்காது. இன்னொன்று: காய்க்கிற மாதங்கள் இங்கே மழை இல்லாத மாதங்கள். மே முதல் ஆகஸ்ட் வரை வாரத்துக்கு இரண்டு முறை வேருக்குத் தண்ணீர் விடாவிட்டால் பூ உதிரும். பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் பனி உறைகிற தாழ்நிலமாக இருந்தால் ஜனவரி முதல் வாரத்திலேயே ஊன்றிவிடுவது நல்லது. உறைபனி அவரையைக் கருக்கிவிடும்.

கோடையிலும் காய் வேண்டும் என்றால் பந்தல் அவரையோடு மல்லுக்கு நிற்காமல் செடி அவரைக்குப் போங்கள். கோயம்புத்தூர் வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட செடி அவரை வகைகள் பல பகல் நீளத்தைப் பொருட்படுத்தாதவை. ருசியில் பந்தல் அவரை மேல் என்பது என் கட்சி.

இப்போது தெருவிளக்குக் கொடிக்கு வருவோம். 1920இல் அமெரிக்க வேளாண் துறையைச் சேர்ந்த கார்னர், அல்லார்டு இருவரும் ஒரு புகையிலை வகை கோடையில் ஆளுயரத்தைத் தாண்டி வளர்ந்தும் பூக்காமல் நின்றதை ஆராய்ந்து, பூப்பதைத் தீர்மானிப்பது பகல் நீளம் என்று காட்டினார்கள். 1938இல் ஹாம்னர், பானர் இருவரும் மருளூமத்தை என்ற களைச்செடியை வைத்துச் செய்த சோதனை இன்னும் ஆழமானது. பகலின் நடுவே கொஞ்ச நேரம் இருட்டாக்கினார்கள், செடி அசரவில்லை. நீண்ட இரவின் நடுவே சில நிமிடம் விளக்கைப் போட்டார்கள், பூ வரவில்லை. செடி அளப்பது இடையில் உடையாத இருட்டை.

அளக்கும் கருவி இலையில் இருக்கிறது. பைட்டோகுரோம் என்ற புரதம், 1959இல் பெல்ட்ஸ்வில் ஆய்வகத்தில் கண்டறியப்பட்டது. அதற்கு இரண்டு நிலை. 660 நானோமீட்டர் அளவில் உள்ள சிவப்பு ஒளி பட்டால் ஒரு நிலைக்கு மாறும். 730 நானோமீட்டர் அளவில் உள்ள, நம் கண்ணுக்கு அரைகுறையாகத் தெரியும் ஆழ்சிவப்பு பட்டால் திரும்பி வரும். இருட்டிலும் மெல்ல மெல்லத் திரும்பும். இதோடு செடிக்குள் 24 மணி நேரத்துக் கடிகாரம் ஒன்றும் ஓடுகிறது. கடிகாரம் "இப்போது இரவாக இருக்க வேண்டும்" என்று சொல்லும் நேரத்தில் பைட்டோகுரோம் "வெளிச்சம் இருக்கிறது" என்று சொன்னால், அன்றைய இரவு கணக்கில் சேராது. தெருவிளக்கின் மஞ்சள் ஒளியிலும் வெள்ளை எல்இடி ஒளியிலும் இதற்குப் போதுமான சிவப்பு இருக்கிறது. இரவில் கொடியருகே நின்று செய்தித்தாள் படிக்க முடிகிறதென்றால் அந்த வெளிச்சமே கொடியைக் குழப்பப் போதும். முழுநிலா வெளிச்சம் போதாது, அதனால் பௌர்ணமியைப் பற்றிக் கவலை வேண்டாம். லோட்ஷெட்டிங் நடந்த வருடங்களில் தெருவிளக்கு இரண்டு மணி நேரம் அணைந்ததே, அது உதவாதா என்றால், உதவாது. மிச்ச இரவு முழுக்க விளக்கு எரிந்ததே.

வழி இரண்டு. விளக்குப் பக்கம் பந்தலுக்கு மேல் ஓரடி உயர்ந்து நிற்கும்படி கறுப்பு நிழல்வலையை இரண்டு மடிப்பாகக் கட்டுங்கள், ஒற்றை மடிப்பில் ஒளி ஊடுருவும். தொட்டிச் செடியானால் மாலை ஐந்து மணிக்குக் கறுப்புப் பெட்டியால் மூடிக் காலை ஏழு மணிக்கு எடுங்கள், மூன்று வாரம் விடாமல். ஆவலில் நள்ளிரவில் டார்ச் அடித்து எட்டிப் பார்த்தால் அன்றைய வேலை வீண். செவ்வந்தித் தோட்டக்காரர்கள் இதையே மறுபக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். பூவைத் தள்ளிப்போட வேண்டுமானால் இரவு பத்திலிருந்து இரண்டு மணி வரை விளக்கைப் போடுவார்கள்.

நீளிரவை உணர்வது இலை, பூப்பது நுனி. நடுவில் ஒரு செய்தி போக வேண்டும். அதற்கு 1930களிலேயே சோவியத் விஞ்ஞானி சாய்லாக்யான் ஃப்ளோரிஜன் என்று பெயர் வைத்துவிட்டார். அது இலையில் உண்டாகி உணவுக்குழாய் வழியே நுனிக்குப் பயணம் செய்யும் ஒரு சிறு புரதம் என்று உறுதியானது 2007இல்தான். இதனால் தெரிவது, பூக்கவில்லை என்ற கோபத்தில் இலையை எல்லாம் உருவிவிடுவது அபத்தம். நுனி கிள்ளலாம், கிளை பெருகும். இலை இருக்கட்டும்.

துவரையும் சிறகவரையும் அவரையின் கட்சி. ஊர்த்துவரையை நவம்பரில் விதைத்தால் ஆளுயரத்தைத் தாண்டிய பிறகே பூவைப் பற்றி யோசிக்கும். கொத்தமல்லி எதிர்க்கட்சி. பகல் நீண்டால், கூடவே வெயிலும் ஏறினால், இலையை நிறுத்திவிட்டுப் பூத்தண்டு விடும். அக்டோபரில் தூவிய கொத்தமல்லி ஒரு மாதத்தில் மெல்லிய இலையோடு பூத்துவிடுகிறது என்று இங்கே பலர் குறைப்படுவது இதனால்தான். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை மூன்று வாரத்துக்கு ஒரு முறை கொஞ்சம் தூவுங்கள். கோடையில் தூவத்தான் வேண்டுமென்றால் நிழலில் நெருக்கமாகத் தூவி, விரல் உயரத்தில் வேரோடு பிடுங்கிப் பயன்படுத்துங்கள். வெங்காயமும் நீளும் பகலில்தான் கிழங்கு கட்டும். குறைந்த பகல் நீளத்திலேயே கிழங்கு கட்டுகிற வகையைப் பிப்ரவரி மார்ச்சில் நாற்றுவிட வேண்டும். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கு இந்தக் கணக்கு எதுவும் இல்லை.

முருங்கை விஷயம் வேறு, அது குளிருக்குச் செய்யும் ஏற்பாடு. இரவு வெப்பம் 10 பாகை செல்சியஸுக்குக் கீழே போகத் தொடங்கினால் வேர் தண்ணீர் இழுப்பது மந்தமாகிறது. இலையிலிருந்து காம்புக்கு வரும் ஆக்சின் என்ற வளர்ச்சி ஹார்மோன் குறைகிறது, எத்திலீன் என்ற வாயு ஹார்மோன் கூடுகிறது, காம்படியில் ஒரு வரிசைச் செல்கள் ஒன்றையொன்று விட்டுவிடுகின்றன. இலை மஞ்சளாகி உதிர்கிறது. கறிவேப்பிலையும் உள்நாட்டுப் பக்கம் இப்படியே செய்யும். மரம் சாகவில்லை, நகத்தால் பட்டையைச் சுரண்டிப் பாருங்கள், பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. இந்த நேரத்தில் பரிதாபப்பட்டுத் தண்ணீர் ஊற்றுவதுதான் கொலை. இலை இல்லாத மரம் தண்ணீரைச் செலவழிக்காது, குளிர்ந்த ஈர மண்ணில் வேர் அழுகும். தொட்டியில் இருந்தால் மேல்மண் இரண்டங்குலம் காய்ந்தபின் கொஞ்சம் விடுங்கள். கவாத்து ஆகஸ்ட் கடைசியில், புதுத்துளிர் கண்ணில் பட்டவுடன். ஜூனில் வெட்டினால் வெட்டுவாயிலிருந்து கருகி இறங்கும்.

கொல்லை மாமரத்துக்கு இதே குளிர் வேண்டும். முற்றிய இலைகள் உள்ள கிளை, சில வாரம் 15 பாகையை ஒட்டிய இரவுகளைக் கண்டால் பூங்கொத்து விடும். அந்த நேரத்தில் செந்துளிர் விட்டுக்கொண்டிருக்கும் கிளை பூக்காது. அதனால் மார்ச்சுக்குப் பிறகு மாமரத்துக்கு உரமும் வேண்டாம், கவாத்தும் வேண்டாம். ஒரு வருடம் காய்த்து ஒரு வருடம் ஏமாற்றும் மரங்களுக்கு வேறு காரணங்களும் உண்டு, ஆனால் ஏப்ரலில் போட்ட உரம் முதல் சந்தேகம்.

நாற்று நூலாவதும் பைட்டோகுரோமின் வேலைதான். இலைகள் சிவப்பை உறிஞ்சிக்கொண்டு ஆழ்சிவப்பை விட்டுவிடும். திறந்த வெயிலில் இரண்டும் ஏறக்குறைய சமம், அடர்ந்த இலைநிழலில் சிவப்பு மிகவும் குறைவு. ஆழ்சிவப்பு கூடினால் "பக்கத்தில் ஆள் இருக்கிறது, நிழல் வரப்போகிறது" என்று பொருள். செடி தண்டை நீட்டுகிறது. கவனிக்க வேண்டியது, நிழல் விழும் முன்பே, பக்கத்து நாற்றின் இலை பட்டுத் திரும்பும் ஆழ்சிவப்பிலேயே இது தொடங்கிவிடும். ஒரு தட்டில் நூறு மிளகாய் விதையைத் தூவினால் வெயிலில் வைத்தாலும் நீளும். இரண்டு நிஜ இலை வந்தவுடன் மூன்றங்குல இடைவெளியில் பிரித்து நடுங்கள். ஜன்னலோரத்தில் இன்னொரு தொல்லை சேர்கிறது. அங்கே ஒளி ஒரு பக்கம்தான், அதுவும் குறைவு. நீல ஒளியை உணரும் ஃபோட்டோட்ரோபின் என்ற புரதம் ஆக்சினை இருட்டுப் பக்கம் தள்ளுகிறது, அந்தப் பக்கம் வேகமாக நீள, நாற்று ஒளிப்பக்கம் வளைகிறது. தட்டை தினமும் திருப்புவது வளைவைச் சரிசெய்யும், மெலிவைச் சரிசெய்யாது. அதற்கு வெளியே வைப்பதுதான் மருந்து. முதல் வாரம் காலை வெயில் இரண்டு மணி நேரம், பிறகு கூட்டுங்கள். நம் வீடுகள் தெற்குக் கோளத்தில் இருக்கின்றன, வெயில் நாள் முழுக்க வருவது வடக்கு ஜன்னலில்.

தொடுவதையும் செடி உணர்கிறது. நாற்றின் நுனிகளைக் காய்ந்த உள்ளங்கையால் காலையும் மாலையும் இருபது முறை லேசாகத் தடவிவிடுங்கள். இரண்டு வாரத்தில் தக்காளி, கத்தரி நாற்று குட்டையாக, தண்டு தடித்து நிற்கும். காற்றில் ஆடும் செடி செய்துகொள்ளும் ஏற்பாடு இது. தொட்டவுடன் செல்லுக்குள் கால்சியம் பாய்கிறது, தண்டு நீள்வது குறைகிறது. ஈர இலையைத் தடவினால் நோய் பரவும். புகையிலை தொட்ட கையால் தடவவே வேண்டாம், மொசைக் வைரஸ் ஒட்டிக்கொள்ளும். மிளகாய் இலை மெல்லியது, அதற்கு மின்விசிறிக் காற்றே நல்லது.

பாகல், புடலையின் பற்றுக்கம்பி தொட்ட பொருளைச் சில நிமிடங்களில் சுற்றத் தொடங்கும், ஆனால் பேனா கனத்துக்கு மேல் இருந்தால் பிடி கிடைக்காமல் நழுவும். மூங்கிலை மட்டும் நட்டுவிட்டுக் கொடி ஏறவில்லை என்பவர்கள் இடையில் சணல் கட்ட வேண்டும். அவரைக்குப் பற்றுக்கம்பி இல்லை, தண்டே சுற்றும், அதற்கு மூங்கில் போதும். தெற்கே வந்தால் கொடி எதிர்த்திசையில் சுற்றும் என்று இங்கே சொல்லக் கேட்கலாம், பொய். 2007இல் உலகின் பல இடங்களில் கொடிகளைப் பார்த்து எண்ணியபோது நூற்றுக்கு 92 ஒரே திசையில்தான் சுற்றின, எந்தக் கோளமானாலும். அவிழ்ந்த கொடியை நீங்கள் மறுதிசையில் சுற்றிவிட்டால் அது தானே அவிழ்ந்து விழும்.

இலை தொங்குவதைப் பார்த்தவுடன் குழாயைத் திறக்கும் பழக்கத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆகஸ்ட், செப்டம்பரில் உள்நாட்டிலிருந்து பெர்க் காற்று சூடாக இறங்கும் நாட்களில் பூசணி இலை நண்பகலில் துவண்டு கிடக்கும். வேரும் இலையும் அப்சிசிக் அமிலம் என்ற ஹார்மோனைச் சுரந்து இலைத்துளைகளை மூடிக்கொண்டு சேமிக்கும் நேரம் அது. மறுநாள் விடியற்காலையில் பாருங்கள். நிமிர்ந்திருந்தால் தண்ணீர் வேண்டாம். விடியலிலும் துவண்டிருந்தால் விரலை இரண்டங்குலம் மண்ணில் விடுங்கள். காய்ந்திருந்தால் தண்ணீர். ஈரமாக இருந்தும் துவண்டால் வேர் அழுகல், ஊற்ற ஊற்றக் கெடும். டர்பன் அடைமழைக்குப் பிறகு தக்காளியில் மூன்றாவது ஒன்றைப் பார்க்கலாம்: இலை விறைப்பாகவே இருக்கிறது, காம்பு மட்டும் கீழ்நோக்கி வளைந்திருக்கிறது. தண்ணீரில் மூழ்கிய வேர் மூச்சுத் திணறி எத்திலீனுக்கான மூலப்பொருளை மேலே அனுப்புகிறது, அது இலைக்காம்பில் எத்திலீனாகிக் காம்பின் மேல்பக்கத்தை நீட்டுகிறது. விறைப்பான இலை, வளைந்த காம்பு என்றால் வடிகால் வெட்டுங்கள், உரம் போடாதீர்கள்.

ஓரறிவுக் கேள்விக்கு இதுவே பெரும்பாலும் பதில். ஒளியின் நிறம், திசை, நீளம், குளிர், தொடுகை, ஈரம் எல்லாவற்றுக்கும் தனித்தனி உணரிகள் உண்டு. வேர்நுனியில் மாவுமணிகள் கீழே படிந்து புவியீர்ப்பைச் சொல்கின்றன, அதனால் விதையை எப்படிப் போட்டாலும் வேர் கீழேதான் போகும். நம் வீடுகளில் விரும்பிச் சமைக்கும் டபுள் பீன்ஸ் செடி வாசனையும் விடுகிறது. செஞ்சிலந்திப் பேன் கடித்தால் இலையிலிருந்து தனி வாசனை கிளம்பும், அதை மோப்பம் பிடித்து அந்தப் பேனைத் தின்னும் வேறொரு பேன் வரும். நெதர்லாந்தில் 1980களின் கடைசியில் இருந்து நன்றாக ஆராயப்பட்ட விஷயம் இது. கடையில் கிடைக்கும் பைரித்ராய்டு மருந்தை அடித்தால் தின்ன வருவதுதான் முதலில் சாகும். இலையடியை வாரம் இரண்டு முறை தண்ணீர் பீய்ச்சிக் கழுவுங்கள், செஞ்சிலந்திக்குப் புழுதியும் வறட்சியும்தான் பிடிக்கும். அக்கேசியா மரங்கள் ஒன்றையொன்று எச்சரித்து மான்களைக் கொன்ற கதை இந்த நாட்டில் பிரபலம். மேய்ந்த மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் கூடுவது சரி, மரம் மரத்திடம் சொன்னது என்ற பாதிக்கு ஆதாரம் அவ்வளவு கெட்டியாக இல்லை.

புகையை உணரும் விதைகளும் உண்டு, அதைக் கண்டுபிடித்த பெருமை இந்த நாட்டுக்கே. காட்டுத்தீக்குப் பின் முளைக்கும் கேப் பகுதிச் செடிகளில், வெப்பம் இல்லாமல் புகை மட்டுமே விதையை எழுப்பும் என்று டி லாங்கே, பவுச்சர் இருவரும் 1990இல் காட்டினார்கள். புகையில் அந்த வேலையைச் செய்யும் பொருளை 2004இல் ஆஸ்திரேலியக் குழு ஒன்றும் பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலுள்ள குவாசுலு-நடால் பல்கலைக்கழகக் குழுவும் தனித்தனியே பிரித்தெடுத்தன. கேப் டவுனின் கிர்ஸ்டன்போஷ் தாவரவியல் தோட்டம் புகையூட்டிய காகிதத் துண்டுகளை வெளியிட்டது, நீரில் போட்டு விதையை ஒரு நாள் ஊறவைப்பார்கள். உள்ளூர்ப் பூச்செடி வளர்ப்பவர்களுக்கு அது பயன்படும். அவரைக்கும் வெண்டைக்கும் வேண்டாம், இரவு முழுக்க வெறும் தண்ணீரில் ஊறினால் போதும். அடுப்புப் புகையை நீரில் பிடித்து நீங்களே தயாரித்தால் நன்றாக நீர்த்துப் பயன்படுத்துங்கள், கெட்டியாக இருந்தால் அதே புகைநீர் முளைப்பைத் தடுக்கும்.